காய்ச்சல் நோயாளியை மதிப்பிடுதல்: கட்டிலருகே தொடங்கி ஆய்வுகூட அறிக்கை வரை

வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஒக்ரோபரிலிருந்து தைப்பொங்கல் கழியும் வரை யாழ்ப்பாணத்து மருத்துவ விடுதிகளில் காய்ச்சலோடு அனுமதிக்கப்படுவோரின் தொகை கூடிக்கொண்டே போகும். அவர்களைப் பற்றி முதலில் எழும் ஐயம் டெங்கு என்பதாகவே இருக்கும். ஆயினும் அதே மழைக்குள் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் வருகின்றன. மருத்துவ விடுதிக்குப் புதிதாக நியமனம் பெற்ற தாதிய உத்தியோகத்தர்களையும் இறுதியாண்டுத் தாதிய மாணவர்களையும் மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறேன். இது வளர்ந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எண்கள் வேறு.

புதியவர்கள் எனக்கருகில் நின்று வேலை பழகும்போது காணும் பிழைகளுள் பெரும்பாலானவை ஒழுங்கு மாறுவதால் வருகின்றன. நோயாளி வந்ததும் அவர் கையில் கொண்டுவந்த தனியார் ஆய்வுகூட அறிக்கையை விரித்து, பிளேற்லெற் (குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள்) 140,000 என்று கண்டு ஆறுதலடைந்து, அந்த ஆறுதலோடு நோயாளியிடம் போகிறார்கள். அதன் பிறகு அவருடைய குளிர்ந்த விரல்களுக்கு மின்விசிறி காரணமாகிவிடுகிறது. அமைதியின்மைக்கு நித்திரையின்மை காரணமாகிவிடுகிறது. எனவே கீழுள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்ய வேண்டும். அறிக்கை பத்தாவது படியில் வருவதற்குக் காரணம் உண்டு.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், கையால் அழுத்திப் பார்க்கும் குருதியமுக்கமானியும் இரண்டு அளவுக் கைப்பட்டிகளும், ஸ்டெதஸ்கோப், வெப்பமானி, டோர்ச், எடை பார்க்கும் கருவி, அளவு குறித்த சிறுநீர்ப் பாத்திரம், கண்காணிப்புத் தாள் ஆகியவை வேண்டும். இவற்றுள் அதிகம் மறக்கப்படுவது எடை பார்க்கும் கருவி. நோயாளி நடந்து வரும்போதே எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்த பின் அது நடப்பதில்லை. டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் திரவத்தின் அளவையும் சிறுநீரின் போதுமையையும் எடையை வைத்தே கணக்கிடுகிறோம் என்பதால், ஊகித்து எழுதிய எடை அடுத்த இரண்டு நாள் கணக்கையும் ஊகமாக்கிவிடும்.

2. கருவியைத் தொடுமுன் ஒரு நிமிடம் பார்த்தல்

கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளியைப் பாருங்கள். உங்களைக் கண்டதும் கண் திரும்புகிறதா, ஒரு வசனத்தை மூச்சு விடாமல் முடிக்கிறாரா, ஓரிடத்தில் படுக்க முடியாமல் புரண்டுகொண்டிருக்கிறாரா, உதடு காய்ந்திருக்கிறதா என்பவற்றுக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. புரண்டுகொண்டிருப்பவரைப் ‘பொறுமையில்லாதவர்’ என்றும், பேசாமல் கிடப்பவரை ‘அமைதியானவர்’ என்றும் எடுத்துக்கொள்வது புதியவர்களின் வழமை. மூளைக்குப் போகும் குருதி குறையும்போதும் மனிதர் இவ்விரண்டு வகையிலும் நடந்துகொள்வர். அவர் வழமையில் எப்படிப்பட்டவர் என்பது கூட வந்தவருக்குத்தான் தெரியும், “இவர் எப்பவும் இப்படித்தானோ?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

3. காய்ச்சலின் நாளைக் கணக்கிடுதல்

இந்தப் படியில் ஐந்து நிமிடம் செலவழித்தாலும் வீணாகாது, ஏனெனில் பின்னால் வரும் ஒவ்வோர் எண்ணின் பொருளும் இது எத்தனையாவது நாள் என்பதில் தங்கியுள்ளது. டெங்குவில் குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசியும் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில், அதாவது நான்காம் நாள் முதல் ஆறாம் நாளுக்குள் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். இரண்டாம் நாளில் காணும் 140,000 பிளேற்லெற்றும் ஐந்தாம் நாளில் காணும் 140,000 பிளேற்லெற்றும் ஒன்றல்ல.

“எப்ப இருந்து காய்ச்சல்?” என்று கேட்டால் “ரெண்டு மூண்டு நாளா, மிஸ்” என்பதுதான் விடையாக வரும். அதை அப்படியே ‘3 நாள்’ என்று எழுதிவிடக் கூடாது. அவர்களுடைய நாட்காட்டிக்குள் போய்க் கேளுங்கள். சென்ற ஆண்டு ஒருவர் இப்படித்தான் இரண்டு மூன்று நாள் என்றார். “சூரன்போர் பாக்கப் போகேக்க காய்ச்சல் இருந்ததோ?” என்று கேட்டேன். “போகேக்க இல்லை, வந்து படுத்தாப்பிறகுதான் நடுங்கினது” என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் அது ஐந்தாம் நாள். சந்தைக்குப் போன நாள், வகுப்புக்குப் போகாத நாள், முதல் பனடோல் போட்ட இரவு என்று ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டால் மணி வரைக்கும் கணக்குக் கிடைத்துவிடும்.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாளாகக் கொண்டு, திகதியையும் நேரத்தையும் பி.எச்.ரி.யில் (நோயாளியின் விடுதிக் குறிப்பேட்டில்) எழுதுங்கள். ‘3 நாள் காய்ச்சல்’ என்று எழுதினால் மறுநாள் பார்ப்பவர் அதையும் மூன்றாம் நாளாகவே வாசிப்பார். திகதி எழுதினால் அந்தப் பிழைக்கு இடமில்லை. கடைசியாகக் காய்ச்சல் குளிசை எடுத்த நேரத்தையும் இதே வரியில் எழுத வேண்டும். குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்தில் பார்த்த 37 பாகை செல்சியஸை வைத்துக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கொள்ள முடியாது.

4. கேட்டறிய வேண்டிய மற்றவை

சத்தி எத்தனை தரம், வயிற்றுநோ எந்த இடத்தில், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, மலம் கறுப்பாகப் போனதா, பல்முரசிலோ மூக்கிலோ இரத்தம் வந்ததா என்று கேளுங்கள். பெண்களிடம் மாதவிடாய் முன்கூட்டியே வந்ததா, வழமைக்கு மீறிப் போகிறதா என்பதையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மருந்துக்கடையில் வாங்கிய குளிசைகளைப் பெயர் கேட்காமல், உறையைக் காட்டச் சொல்லுங்கள். டைக்ளோபினாக், இபுபுரோபன், அஸ்பிரின் ஆகியவை இரைப்பையில் இரத்தப்போக்கைத் தூண்டும் என்பதால் டெங்கு ஐயத்தில் தவிர்க்கப்படுபவை. ஆனால் ‘உடம்பு நோக் குளிசை’ என்ற பெயரில்தான் அவை வீட்டுக்குப் போகின்றன. இதய நோய்க்கு நாளாந்தம் அஸ்பிரினோ குளோபிடோகிரெலோ எடுப்பவராயின் அதை வைத்தியருக்கு உடனே சொல்ல வேண்டும். அதை நிறுத்துவதும் தொடர்வதும் வைத்தியருடைய முடிவு.

வேலையைக் கேளுங்கள். காலபோக வயலில் இறங்கியவர், வெள்ளத்தில் நின்றவர், கால்வாய் துப்புரவாக்கியவர் எனின் எலிக்காய்ச்சல் பட்டியலில் மேலே வரும். 2024 டிசெம்பரில், வெள்ளம் வடிந்த நாட்களில், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக யாழ்ப்பாணத்தில் சிலர் உயிரிழந்ததையும், அது எலிக்காய்ச்சல் என்று பின்னர் கண்டறியப்பட்டதையும் இங்கு வேலை செய்பவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

5. கையால் அறிதல்

உங்கள் புறங்கையால் நோயாளியின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தடவிக்கொண்டு போங்கள். சூடு எந்த இடத்தில் முடிந்து குளிர் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். உடல் குருதியைச் சேமிக்கத் தொடங்கும்போது முதலில் கைவிடுவது தோலையும் விரல்களையும். இதயத்துக்கும் மூளைக்கும் கொடுக்க அங்கிருந்துதான் எடுக்கிறது. ஆகவே குருதியமுக்கம் விழுவதற்கு முன்பே விரல்கள் குளிர்ந்துவிடும்.

அடுத்து, அவருடைய கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, விரல்நுனியை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். மழை இரவில் யன்னலோரக் கட்டிலில் எல்லோருடைய விரலும் குளிராகத்தான் இருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாறாயின் நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள், அங்கே காலநிலை சாட்டுச் சொல்லாது.

நாடியை இயந்திரத்தில் வாசிக்காமல் விரலால் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையை இயந்திரம் சொல்லும். நாடி நிறைந்து அடிக்கிறதா, நூல்போல் ஓடுகிறதா என்பதை அது சொல்லாது. காய்ச்சல் ஏறும்போது நாடியும் கூடுவது இயல்பு. காய்ச்சல் இறங்கியும் நாடி இறங்காமல் ஏறிக்கொண்டு போனால் அந்த இடத்திலேயே நின்று அடுத்த படியை உடனே செய்யுங்கள்.

6. குருதியமுக்கம்: இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்

கைப்பட்டியின் உள்ளே காற்று நிறையும் பை, மேற்கையின் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீத அகலமும் 80 சதவீத நீளமும் உடையதாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் அமுக்கம் உண்மைக்கு மேலாகக் காட்டும். அதிர்ச்சி நிலைக்கு (உறுப்புகளுக்குப் போதிய குருதி போகாத நிலைக்கு) போய்க்கொண்டிருப்பவர் ‘நல்ல பிரஷர்’ உள்ளவராகத் தாளில் பதியப்படுவது இப்படித்தான். நாடி மெலிந்தவரிலும் நடுங்குபவரிலும் தானியங்கிக் கருவி எண்ணைத் தந்துவிடும், ஆனால் அந்த எண்ணை நம்ப முடியாது. அவர்களுக்குக் கையால்தான் பார்க்க வேண்டும்.

நான் விடுதியில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், ஐந்தாம் நாள் காய்ச்சலோடு இருந்த ஒரு அக்காவுக்கு 110/90 என்று பார்த்து, ‘பி.பி. சாதாரணம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மேல் எண் 110; அதில் குறை காண எனக்குத் தோன்றவில்லை. பத்து நிமிடத்தில் அந்தத் தாளைப் பார்த்த மூத்த தாதி எதுவும் பேசாமல் 110க்கும் 90க்கும் நடுவில் ஒரு கோடு போட்டு அதன் மேல் 20 என்று எழுதினார். பிறகு அந்த அக்காவின் கால்விரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து வருவதே பல்ஸ் பிரஷர். ஆரோக்கியமானவரில் அது 40 மில்லிமீற்றர் இரசத்தை அண்டி இருக்கும். 20 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டதாகவே கொள்ள வேண்டும். திரவம் கசிந்து குருதியின் கனவளவு குறையும்போது, உடல் கலன்களைச் சுருக்கி அமுக்கத்தைத் தக்கவைக்கப் பார்க்கிறது. அதனால் கீழ் எண் மேலே ஏறுகிறது, மேல் எண்ணோ கொஞ்ச நேரத்துக்கு அசையாமல் நிற்கிறது. மேல் எண் விழும்வரை காத்திருப்பவர் இந்த நோயில் மிகவும் பிந்திவிடுகிறார்.

ஆகவே தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: மேலது, கீழது, இடைவெளி. 30ஐ நோக்கி இறங்கத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். 20 வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டியதில்லை. வழமையாக உயர் குருதியமுக்கம் உள்ள ஒரு ஐயாவுக்கு 110/80 என்பதே வீழ்ச்சியாக இருக்கலாம். அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தால் வழமையான அளவு தெரிந்துவிடும்.

7. மூச்சும் ஒட்சிசனும்

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைக் கவனித்தால், நோயாளி அறியாமல் எண்ணிவிடலாம். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எல்லாத் தாளிலும் 18 என்றே எழுதியிருப்பதைக் கண்டால் எவரும் எண்ணவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி குளிர்ந்த விரலிலும் கடும் நிற நகப்பூச்சிலும் பிழைக்கும். எண்ணுக்கு முன் திரையில் அலை சீராக வருகிறதா என்று பாருங்கள். வலது நெஞ்சின் அடிப்பகுதியில் மூச்சொலி குறைந்திருந்தால் அங்கே திரவம் தேங்கத் தொடங்கியிருக்கலாம். டெங்குவில் அது பெரும்பாலும் வலப்புறத்திலேயே முதலில் தெரியும்.

8. உடலை முழுமையாகப் பார்த்தல்

திரையை இழுத்துவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். உண்ணிக்காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சுருட்டுச் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் இருக்கும். அது நோவதில்லை, சொறிவதுமில்லை. ஆகவே நோயாளிக்கே தெரிந்திராது. கமக்கட்டு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, சாரமோ பாவாடையோ இறுக்கும் இடுப்புக்கோடு, காதின் பின்புறம் ஆகியவற்றைத் தேட வேண்டும். வெட்கம் காரணமாக இந்தப் படி தவிர்க்கப்படுவதே அதிகம். பெண் நோயாளிக்குப் பெண் தாதி, ஆண் நோயாளிக்கு ஆண் தாதி என்று ஒழுங்கு செய்தால் சிக்கல் இல்லை. ஒரு சிறிய பொருக்கைக் கண்டு சொன்னால் அதற்குரிய மருந்தான டொக்சிசைக்கிளின் அன்றே தொடங்கக்கூடும் என்பதால், இந்தத் தேடலுக்குக் கிடைக்கும் பலன் மிகப் பெரிது.

பின்னங்கால் தசையை மெல்ல அழுத்துங்கள், எலிக்காய்ச்சலில் துடித்துப்போவார். கண்ணின் வெண்பகுதி பீளையில்லாமல் சிவந்திருப்பதும், மஞ்சளாகியிருப்பதும் அதே பக்கத்தைக் காட்டும். வலது விலாவுக்குக் கீழே ஈரல் நோகிறதா என்று பாருங்கள். டெங்குவில் ஓயாத வயிற்றுநோவும் ஓயாத சத்தியும் எச்சரிக்கைக் குறிகள். அவற்றை ‘கேஸ்’ என்று தள்ளிவிடக் கூடாது.

9. குருதி எடுத்தல்

அறிக்கையின் பிழை பல வேளைகளில் நம் கையில்தான் தொடங்குகிறது. கையில் கட்டும் பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்திருந்தால், நாளத்திலிருந்து நீர் வெளியேறிக் குருதி தடித்து, பி.சி.வி. (குருதியின் கனவளவில் செங்குழியங்களின் சதவீதம்) பொய்யாக உயரும். டெங்குவில் நாம் தேடுவதே பி.சி.வி. உயர்வை என்பதால், இந்தச் சிறு தாமதம் ஒருவருக்குத் தேவையற்ற சேலைனை ஏற்றிவைக்கும்.

சேலைன் ஓடும் கையிலிருந்து எடுக்காதீர்கள். மற்றக் கையில் எடுங்கள். அந்தத் திரவம் கலந்தால் ஈமோகுளோபின், பி.சி.வி., பிளேற்லெற் எல்லாம் சேர்ந்து விழும், உள்ளே இரத்தம் போகிறதோ என்று விடுதி முழுவதும் பதறும். ஊதா மூடிக் குழாயைக் குறித்த கோடு வரை நிரப்பி, குலுக்காமல், எட்டுப் பத்துத் தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கலக்காத குருதி சிறிது உறைந்தாலும் பிளேற்லெற்றுகள் அந்த உறைவில் அகப்பட்டு, எண்ணிக்கை பொய்யாகக் குறையும். பல குழாய்கள் நிரப்புவதாயின் ஊதா மூடியை உயிர்வேதியியல் குழாய்க்குப் பிறகு நிரப்புங்கள். அதிலுள்ள பொற்றாசியம் உப்பு மற்றக் குழாய்க்குள் போனால் பொற்றாசியம் உயர்ந்தும் கல்சியம் தாழ்ந்தும் வரும்.

குழாயில் பெயரைக் கட்டிலருகிலேயே எழுதுங்கள். எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்.

10. எப்.பி.சி. (முழுக் குருதிக் கணக்கு) அறிக்கையை வாசிக்கும் ஒழுங்கு

முதலில் பெயர், பி.எச்.ரி. இலக்கம், குருதி எடுத்த நேரம். யாழ்ப்பாணத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே விடுதியில் இருப்பது புதுமையல்ல. அறிக்கை அச்சான நேரத்தை எடுத்த நேரமாகக் கொள்வது இன்னொரு பிழை. இரண்டுக்குமிடையில் நான்கு மணித்தியாலம் போயிருக்கலாம், கசியும் கட்டத்தில் அது நீண்ட காலம்.

அடுத்து வெண்குழியம். இயல்பு 4,000 முதல் 11,000 வரை. டெங்குவில் இது முதலில் 5,000க்குக் கீழே இறங்கும். பிளேற்லெற் அதன் பின்னால் இறங்கும். தேறும்போதும் வெண்குழியமே முதலில் ஏறும். காய்ச்சலோடு வெண்குழியம் கூடி, அதன் ஒரு வகையான நியூற்றோபிலும் மிகுந்திருந்து, பிளேற்லெற் மட்டும் குறைந்திருந்தால் அது டெங்குவுக்குப் பொருந்தாத படம். எலிக்காய்ச்சல் உட்படப் பற்றீரியாத் தொற்றை வைத்தியர் தேடுவார்.

மூன்றாவதாக பி.சி.வி. அதனருகில் ஈமோகுளோபினைப் பாருங்கள். ஈமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ பி.சி.வி. வரும்; 12 எனின் 36. இரண்டும் வெகுதூரம் விலகி நின்றால் மாதிரியிலோ இயந்திரத்திலோ கோளாறு இருக்கலாம், மீண்டும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பி.சி.வி.யை அச்சிட்ட இயல்பு எல்லையோடு ஒப்பிடாமல் அதே நோயாளியின் முந்திய அளவோடு ஒப்பிட வேண்டும். 20 சதவீத உயர்வு என்பது குறிப்பிடத்தக்க கசிவைக் காட்டும். 35 இருந்தவருக்கு அது 42. இரத்தச்சோகை உள்ள ஒரு அம்மாவுக்கு 30 இருந்து 36 ஆனாலும் அதே 20 சதவீதம்தான். ஆனால் 36 என்பது பெண்களுக்கான இயல்பு எல்லைக்குள் இருப்பதால் அறிக்கையில் எந்த எச்சரிக்கை அடையாளமும் விழாது. இயந்திரம் அவரை ஆரோக்கியமானவராகவே காட்டும். முந்திய அறிக்கை இல்லையெனில் குடும்பத்தாரிடம் பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

விடுதியிலேயே நுண்குழாயில் சுழற்றிப் பார்க்கும் பி.சி.வி.யும் ஆய்வுகூட இயந்திரம் தரும் பி.சி.வி.யும் சரிக்குச் சரி ஒத்துவரா; சுழற்றியதில் செங்குழியங்களுக்கிடையே கொஞ்சம் திரவம் அகப்படுவதால் சற்றுக் கூடக் காட்டும். காலையில் இயந்திரத்தில் 40, மாலையில் குழாயில் 42 என்று கண்டு ‘ஏறுகிறது’ என்று முடிவெடுக்காமல், ஒரே முறையில் பெற்ற எண்களை மட்டும் ஒரு கோட்டில் இணையுங்கள். குழாயை வாசிக்கும்போது சிவப்புப் பத்தியின் மேலுள்ள மெல்லிய வெண்படலத்தைச் சேர்த்து வாசிக்காதீர்கள்.

பி.சி.வி. இறங்குவது எப்போதும் நல்ல செய்தியல்ல. நோயாளி பசிக்கிறது என்று சொல்லி, நாடி இறங்கி, சிறுநீர் நன்றாகப் போகும்போது இறங்கினால் கசிந்த திரவம் திரும்பி வருகிறது என்று பொருள். நாடி ஏறி, கை குளிர்ந்து, பி.சி.வி. 45இலிருந்து 38க்கு இறங்கினால் எங்கோ உள்ளே இரத்தம் போகிறது என்று ஐயப்பட வேண்டும். ஒரே எண்ணுக்கு நேர்மாறான இரண்டு பொருள் இருக்க, எது சரி என்பதை ஐந்தாம், ஆறாம் படிகளே சொல்கின்றன.

கடைசியாகத்தான் பிளேற்லெற். உறவினர்கள் தொலைபேசியில் கேட்பதும், பப்பாசி இலைச் சாற்றோடு வருவதும் இந்த ஒரு எண்ணுக்காகத்தான். இது 100,000க்குக் கீழே இறங்குவது கசியும் கட்டம் நெருங்குவதன் அடையாளம் என்பதால், அந்த நேரத்திலிருந்து கண்காணிப்பை நெருக்கமாக்குகிறோம். மற்றப்படி டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத கசிவும் அதிர்ச்சி நிலையும், அவற்றைத் தொடரும் இரத்தப்போக்குமேயன்றிப் பிளேற்லெற்றின் எண்ணிக்கை அல்ல. 18,000 பிளேற்லெற்றோடு எழுந்திருந்து சோறு கேட்பவரைவிட, 85,000 பிளேற்லெற்றோடு கால்விரல் குளிர்ந்தவரைப் பற்றியே எனக்குப் பயம். நோயாளியின் தோற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத குறைந்த எண் வந்தால், குழாயில் உறைவு இருந்ததா, பிளேற்லெற்றுகள் திரண்டு நின்றனவா என்று ஆய்வுகூடத்தில் விசாரிக்கலாம்.

11. மற்ற அறிக்கைகள்

டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் சில நாட்களில் பயன்படும். ஐந்தாம் நாளுக்குப் பின் எதிர்மறையாக வருவது எதையும் மறுக்காது. நோய்க்கு எதிராக உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். அந்த வேளையில்தான் தோன்றத் தொடங்கும். எதிர்மறை என்று கண்டதும் கண்காணிப்பைத் தளர்த்துவதே இங்கு நடக்கும் பிழை.

ஈரல் நொதிகளில் டெங்குவில் ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி.யைவிடக் கூடுதலாக உயர்வது வழமை. ஆனால் குருதி எடுக்கும்போது செங்குழியங்கள் உடைந்தாலும் ஏ.எஸ்.ரி.யும் பொற்றாசியமும் உயரும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபினும் சேர்ந்து ஏறினால் எலிக்காய்ச்சலை நினைத்து, சிறுநீரின் அளவை மீண்டும் பாருங்கள்.

12. உட்சென்றதும் வெளிவந்ததும்

கசியும் கட்டத்தில் எங்கள் நாட்டு வழிகாட்டல் ஒரு மொத்த அளவைத் தருகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு, முதல் 10 கிலோவுக்கு 1,000 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 500, மீதி 30 கிலோவுக்கு 600, இவற்றோடு கிலோவுக்கு 50 வீதம் 2,500 சேர்த்து, 48 மணித்தியாலத்துக்கு 4,600 மில்லிலீற்றர். எடை 50 கிலோவுக்கு மேற்பட்டாலும் 50 என்றே கணக்கு. வேகத்தைத் தீர்மானிப்பது வைத்தியர். எவ்வளவு போயிற்று என்று சரியாகச் சொல்ல வேண்டியது நாங்கள்.

இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு: வாயால் குடித்ததும் இந்த 4,600க்குள் அடங்கும். சேலைனை மட்டும் எழுதிவிட்டு, வீட்டார் கொண்டுவந்து பருக்கிய இரண்டு இளநீரையும் ஒரு போத்தல் ஜீவனியையும் விட்டுவிட்டால், கணக்குக்கு மேலே போன நீர் நெஞ்சுக்குள் தேங்கி மூச்சை முட்டும். அளவு குறித்த ஒரே கோப்பையைக் கட்டிலருகே வைத்து, அதில் மட்டும் குடிக்கச் சொல்லுங்கள். பீற்றூட் சாறு போன்ற சிவப்புப் பானங்கள் வேண்டாம். பிறகு சத்தியெடுக்கும்போது அது இரத்தமா சாறா என்று ஆராய நேரிடும்.

சிறுநீர் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 0.5 மில்லிலீற்றராவது போக வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர். கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 1 மில்லிலீற்றரைத் தாண்டினால் திரவம் கூடிப் போகிறதோ என்று பார்க்க வேண்டும். ‘சிறுநீர் போனார்’ என்ற வாக்கியத்தால் எவருக்கும் பயனில்லை.

13. வைத்தியருக்கு அறிவித்தல்

தொலைபேசியை எடுக்குமுன் நாடி, மூன்று அமுக்க எண்கள், விரல்நுனிச் சிவப்புத் திரும்பும் நேரம், கடைசி இரண்டு பி.சி.வி., சிறுநீர் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். ‘ஆள் கொஞ்சம் சரியில்லை’ என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் எதைக் கொண்டு முடிவெடுப்பார்? இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

“டொக்டர், 14ஆம் கட்டில், 38 வயது ஆண், காய்ச்சலின் ஐந்தாம் நாள். அரை மணித்தியாலத்துக்கு முன் நாடி 96, இப்போது 118. பி.பி. 104/82, இடைவெளி 22. கால் முழங்கால் வரை குளிர், சிவப்புத் திரும்ப நான்கு விநாடி. பி.சி.வி. காலையில் 39, இப்போது 46, இரண்டும் குழாயில் பார்த்தது. நான்கு மணித்தியாலத்தில் சிறுநீர் 70 மில்லிலீற்றர், எடை 58 கிலோ. கசிவு கூடுகிறது என்று நினைக்கிறேன், உடனே வந்து பார்க்க வேண்டும்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லப் புதியவர்கள் தயங்குகிறார்கள். உங்கள் கணிப்பையும், என்ன வேண்டும் என்பதையும் சொல்லாவிட்டால் மற்றவை வெறும் எண்களாகவே அவர் காதில் விழும். சொன்ன நேரத்தையும் கிடைத்த பணிப்பையும் பி.எச்.ரி.யில் எழுதி, வாய்மொழிப் பணிப்பைத் திரும்ப வாசித்து உறுதிசெய்யுங்கள்.

14. காய்ச்சல் விட்ட காலைப்பொழுது

“மிஸ், காய்ச்சல் விட்டிட்டுது, இனி வீட்டை போகலாமோ?” என்று நான்காம் ஐந்தாம் நாட்களில் காலையில் கேட்பார்கள். முகம் கழுவி, தலை இழுத்து, பையும் கட்டி வைத்திருப்பார்கள். விடுதியும் நிறைந்திருக்கும், கட்டில் ஒன்று கிடைக்கிறதே என்று நமக்கும் தோன்றும். மூன்றாம் படியில் எழுதிய திகதியை அப்போதுதான் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கசிவு தொடங்குவதும் அதே காலைப்பொழுதில்தான்.

முதலாம் படியிலிருந்து தொடங்காவிட்டாலும் ஐந்தாம், ஆறாம் படிகளை மீண்டும் செய்யுங்கள். காய்ச்சல் குளிசை இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சலின்றி இருந்தாரா, பசி வந்ததா, பி.சி.வி. ஏறாமல் நிற்கிறதா, வெண்குழியமும் பிளேற்லெற்றும் ஏறத் தொடங்கினவா என்பவற்றை எழுதி வைத்தியர் சுற்றில் முன்வையுங்கள். வீடு எங்கே என்பதையும் அதில் சேருங்கள். கொக்குவிலில் இருப்பவர் மாலையில் களைப்பு வந்தால் முச்சக்கரவண்டி பிடித்துத் திரும்பி வந்துவிடுவார். நெடுந்தீவில் இருப்பவர் குறிகட்டுவானுக்குப் படகு ஏற வேண்டும், கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளித்தால் அந்தப் படகும் இராது. அவ்வாறானவரைப் பற்றிக் கேட்டபோது, இன்னும் ஓரிரவு வைத்துக்கொள்ளலாம் என்று வைத்தியர் சொன்ன நாட்கள் பல உண்டு. பையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஒரு மணித்தியால அளவீட்டுக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.